சத்யாவின் பின்னால் எதுவும் வரவில்லை

தம்பி, அம்மா எழுதுகிறேன். நீ குவைத்திலிருந்து கிளம்பும் நாள் முடிவாகிவிட்டது என்று சத்யா சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். பரிகாரம் முடியும்வரை அவள் மலையிலேயே இருக்கட்டும், பிள்ளையை மட்டும் சித்தப்பா வந்து கீழே அழைத்துப்போவார் என்று நீ போனில் சொன்னாயாம். இதைச் சொல்லும்போது உன் பெண்டாட்டி அழவில்லை. முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே, நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதி முடித்ததும் சத்யாவிடமே கொடுத்துப் படம்பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்வேன். அவளும் படிக்கட்டும். சித்தப்பாவிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டு. கைக்குழந்தை இருக்கிற எந்த வீட்டில் யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

நான் மலைமேல் கரியாலூரில், உன் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறேன். ஆமாம், நானேதான். நீ மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்ற மலைக்குப் போய்ப் போய் இந்தப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றபோது, அவள் பிறந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொன்னவள்தான். இப்போது இவர்கள் வீட்டுக் கூழைத்தான் குடிக்கிறேன். இவள் பின்னாலேயே மலையிலிருந்து என்னமோ இறங்கி வந்து நம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது என்று சித்தப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். அதில் பாதி நான் சொல்லி அவர் கேட்டது. ஆகையால் அந்த வீட்டில் நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, உன் பெண்டாட்டி எங்கே இருக்க வேண்டும் என்று அப்புறம் பேசு.

தருண் பிறந்தபோது அவன் அம்மாவைப்போல மாநிறம். சத்யாவுக்குப் பால் வந்தது. ஆனால் சாமையும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவள், இவள் பாலில் என்ன இருக்கப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்றாம் மாதத்திலேயே பசும்பால் ஆரம்பித்தேன். நம் வீட்டுப் பால் உனக்குத் தெரியும். கச்சிராயபாளையம் பால் சொசைட்டியில் மானி வைத்துப் பார்த்தால் ஒருநாளும் டிகிரி குறைந்ததில்லை. ஊருக்கெல்லாம் ஊற்றுகிற பாலை என் பேரனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன். அப்புறம் நீ டப்பா அனுப்ப ஆரம்பித்தாய். ஊருக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒன்று கொடுத்தனுப்பினாய். பாலிலிருந்தே எடுத்த புரோட்டீன் மாவு, காய்ச்சின பாலில் கரண்டியால் போட்டுக் கலக்கினால் போதும், பிள்ளை நல்லா வளருவான் என்றாய். போட்டேன். ஒன்றுக்கு இரண்டாகவே போட்டேன். பால் கூழ்மாதிரிக் கெட்டியாகும். ஒரு புட்டி குடித்தால் அரை நாளைக்குப் பிள்ளை வாய் திறக்க மாட்டான்.

நம் வீட்டு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து சிக்கிக்கொண்டது. குலசாமி கோயிலில் முடியிறக்கி, அப்பன் மடியில் உட்காரவைத்து, முதல் சோற்றை அங்கேதான் ஊட்ட வேண்டும். அதற்கு முன்னால் சோறு பிள்ளை வாயில் படக்கூடாது. உனக்கும் அப்படித்தான் செய்தோம். வழக்கமாக ஏழாம் மாதத்தில் முடிகிற காரியம். நீ அடுத்த மாதம் லீவு என்றாய். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்றாய். கம்பெனிக்காரன் விடவில்லை, உன்மேல் தப்பில்லை. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, சோறு தொடவில்லை. அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்து, பருப்பு சாதமாவது குழைத்து ஊட்டுங்கள், சத்துமாவாவது கொடுங்கள் என்றாள். அப்பன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு தொடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சத்யா ஒருதரம் எனக்குத் தெரியாமல் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். பிள்ளை கறுத்துப்போவான் என்றேன்.

அவன் வெளுத்துக்கொண்டே வந்தான். நீயும்தான் பார்த்தாயே வீடியோவில், உன் கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாயே. கன்னம் உப்பி, கை காலில் மடிப்பு விழுந்து, பாலிலே செய்துவைத்த பொம்மை மாதிரி இருந்தான். தெருவில் தூக்கிக்கொண்டு போனால் நின்று பார்ப்பார்கள். அழுகிற சத்தமே கேட்காது, எவ்வளவு சமர்த்து என்பார்கள். எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது. ஒருநாள் முடியிறக்குவதற்குத் துணி எடுக்கலாம் என்று கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப்போனேன். நாம் எப்போதும் துணி எடுக்கிற கடை, பாயின் வீட்டம்மா கல்லாவில் இருந்தார்கள். ஆசையாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார்கள். வெயில் பிள்ளையின் பின்பக்கம் விழுந்தது. அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் யார் காதும் சிவப்பாகத் தெரியும் அல்லவா. இவன் காது மெழுகாட்டம் இருந்தது. வெளிச்சம் அதன் வழியாக வெள்ளையாகவே வந்தது. "ஏங்க, கனமாத்தான் இருக்கான். காதுல செவப்பே காணமேங்க, உள்ள யாரும் இல்லாத வூடாட்டம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணு போடுகிறார்கள் என்று நினைத்துத் துணி எடுக்காமலே டவுன் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் காதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சுவர் ஆரம்பித்தது. நம் உள்ரூமுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். அந்தப் பக்கம் மாடு உப்புக்காக நக்குகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும், உனக்குப் பழகின சத்தம்தான். ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்கிறது. சொரசொரவென்று, நிதானமாக. மாடுதானே என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, மாட்டைச் சினை ஊசி போட ஓட்டிப்போயிருக்கிறார்கள், இன்னும் திரும்பவில்லை. கொட்டகை காலி. சத்தம் நிற்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். தருண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கையையும் சுவரில் பதித்து, மாடு நக்குகிற மாதிரியே, அவசரம் இல்லாமல் நக்கிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தூக்கினேன். வாயெல்லாம் சுண்ணாம்பும் மண்ணும். அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. இறக்கிவிட்டதும் அதே இடத்துக்குத் தவழ்ந்து போனான்.

சில நாளில் அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்தது. மண் குழைத்துப் பூசினேன். ஈரம் காய்வதற்குள் மறுபடி குழி. கொட்டகைப் பக்கம் போய்ப் பார்த்தேன், மாடு நக்கின குழியும் அதே இடத்துக்கு நேராகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சுவர் மெலிந்துகொண்டே வந்தது. இதுவும் அதுவும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு நக்குவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. சத்யா மட்டும், "அத்தை, இவனுக்கு இன்னாமோ பசிங்க. பால் பசி இல்ல, வேற பசி" என்றாள். பசிக்கிற புள்ள இப்படிக் கொழுகொழுன்னு இருக்குமாடி என்று அவள் வாயை அடைத்தேன்.

முதல்தடவை மூச்சு நின்றது ஒரு காலை நேரம். கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் பிடுங்கினேன். அழ வாயைத் திறந்தான். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. உதடு நீலமாகி, முகம் சாம்பல் பூத்து, விறைத்து, அப்புறம் ஈரத்துணியாகத் துவண்டு என் கையில் தொங்கினான். கண் திறந்திருந்தது. கருவிழி மேலே போய்விட்டது. அந்த நேரத்தில் தெருவில் போகிற கரும்பு டிராக்டர் சத்தம், குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டது, இவன் மூச்சைத் தவிர. நான் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சத்யாதான் பின்னால் வந்து பிடுங்கித் தரையில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே எங்கிருந்தோ மூச்சு ஒன்று ஏறி வந்தது. கண் விழித்தான். விழித்து என்னைப் பார்த்தான் பார், புது ஊரில் வந்து இறங்கினவன் முதல் ஆளைப் பார்ப்பது மாதிரி. போனவன் திரும்பி வரவில்லை, அந்த உடம்புக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பிறகு அடிக்கடி அப்படி ஆனது. விழுந்தால், விளையாட்டுச் சாமானைப் பிடுங்கினால், சில சமயம் சும்மாவே.

வந்து உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். உனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து போய்விட்டாள் என்பதுவரைதான் நீ அறிவாய். செல்வி என்று பெயர். நம் வீட்டுக்கு முதல் ஜெர்சி மாடு வந்த வருஷம் பிறந்தவள். அவளும் இப்படித்தான் வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தாள். அவளும் அந்தச் சுவர் ஓரமேதான் உட்கார்ந்திருப்பாள். அவள் போன பிறகு உன் அப்பா அந்த இடத்தைப் பூசி அடைத்தார், ஏன் பூசுகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை. செல்வியைக் காத்து கருப்பு கொண்டுபோய்விட்டது என்றார்கள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். தருண் அதே இடத்தில் உட்கார்ந்தபோது எனக்குப் பயத்தோடு ஒரு ஆசையும் வந்தது. யாரும் இல்லாத சமயம் பார்த்து அவனைச் செல்வி என்று கூப்பிட்டேன். தன் பெயருக்குத் திரும்பாத பிள்ளை அதற்குத் திரும்பிப் பார்த்தான்.

அதனால்தான் சித்தப்பா மந்திரிக்கிறவரை அழைத்துவந்தபோது நான் தடுக்கவில்லை. அவர் எலுமிச்சம்பழம் உருட்டிப் பார்த்து, இது வீட்டுக்குள் இருந்தது அல்ல, மேலேயிருந்து மருமகள் பின்னாலேயே இறங்கி வந்தது என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. மலையிலிருந்து வந்ததென்றால் அதை விரட்டிக்கொள்ளலாம், என் செல்வியை விரட்ட வேண்டியதில்லை. பழியெல்லாம் சத்யாவின் தலையில் போய் உட்கார்ந்தது, உட்காரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மண்டலம் தாய் பிள்ளையைத் தொடக்கூடாது, பாலைத் தவிர எதுவும் பிள்ளை வாயில் படக்கூடாது, அப்பன் வந்ததும் பெரிய பரிகாரம் என்று சொல்லி முடிக்கயிறு கட்டினார். சத்யா கதவோரம் நின்றிருந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். அவளுக்கு அது புரிந்தது. திரும்பித் தன் முதுகுப்பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "என் பின்னாடி எதுவும் வரலைங்க அத்தை. நான் மட்டுந்தான் வந்தேன்" என்றாள்.

மறுநாள் காலை நான் சொசைட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிமலை பஸ் போகிறது. ஜன்னலில் ஒரு வெள்ளை முகம். பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் அது என் பேரன் என்று தெரிந்தது. தாய் தொடக்கூடாது என்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் மலையேறிவிட்டாள். வீட்டுக்கு ஓடி, புட்டியையும் உன் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் கீழே இருந்தபோது எது இறங்கி வந்தது என்று சொன்னேனோ, அதற்குள்ளேயே ஏறிப் போகிற மாதிரி இருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும், அவள் வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும், இதுதான் என் மனசில் இருந்தது. கரியாலூரில் அவள் அம்மா வீடு பூட்டியிருந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கை காட்டினார்கள்.

மலைமேல் இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிதான். உன் வயதுகூட இருக்காது, ஒரு டாக்டரம்மா. நான் உள்ளே நுழையும்போது ரத்தம் எடுக்க ஊசி குத்துகிறார்கள். தருண் வாயைத் திறந்தான், மூச்சு நின்றது. நான் கத்தினேன். அந்த டாக்டரம்மா கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. பிள்ளையைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையைக் கட்டிக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தது. அந்தப் பக்கம் சத்யாவும் அசையாமல் நின்றாள். அவ்வளவு நாளில் அந்தச் சாவைப் பார்த்துப் பயப்படாத இரண்டாவது ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூச்சு வந்தது. பிறகு டாக்டரம்மா சத்யாவின் கீழ் இமையை விரலால் இழுத்து என்னைப் பார்க்கச் சொன்னது. மாதுளம் முத்து மாதிரிச் சிவப்பு. தருணின் இமையை இழுத்தது. உரித்த தேங்காய் மாதிரி இருந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டது. நான் நிமிர்ந்து நின்று, "பால்தாங்க. எங்க வூட்டு மாட்டுப்பால், அதுல வெளிநாட்டு சத்து மாவு. வேற எதுவும் அவன் வாயில படலைங்க" என்றேன். பையிலிருந்து டப்பாவையும் எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, டப்பாவை மேசைமேல் தள்ளி வைத்தது.

அது சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து வேண்டும். தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்பு பிள்ளைக்கு ஆறு மாதம்போலத்தான் காணும். அப்புறம் சோறு, பருப்பு, கீரை, முட்டை, ஈரல் என்று கொடுத்தால்தான் வரும். மாட்டுப்பாலில் இரும்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதையே வயிறு முட்டக் கொடுத்தால் பிள்ளை வேறெதையும் கேட்காது, கொஞ்ச நஞ்சம் வேறு வழியில் கிடைக்கிற இரும்பையும் பால் உடம்பில் சேரவிடாது. ஒரு வயது ஆகாத பிள்ளைகளில் சிலருக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் குடலில் ரத்தம் கசியும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. நீ அனுப்பின மாவும் பாலின் சத்துதான், பாலுக்குமேல் பாலைக் கொட்டியிருக்கிறோம். உடம்பு உப்புவது சதை, ரத்தம் இல்லை. மண்ணையும் சுண்ணாம்பையும் தேடுவது ரத்த சோகையின் அடையாளமாம். மூச்சு நிற்பதும் இந்தச் சோகை இருக்கிற பிள்ளைகளுக்கு ஜாஸ்தி வருமாம். நான் ஊட்டி வளர்த்த அழகு முழுக்க அந்தக் கட்டிலில் படுத்திருந்தது, தம்பி. வெள்ளை வெள்ளை என்று நான் தெருவெல்லாம் காட்டின நிறம், ரத்தம் இல்லாத நிறம்.

எல்லோரும் நகர்ந்த பிறகு டாக்டரம்மாவிடம் செல்வியைப் பற்றிக் கேட்டேன். "நான் பார்க்காத குழந்தையப் பத்தி எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றது. கொஞ்சம் கழித்து, "வெளுப்பா இருந்தாளா?" என்று கேட்டது. அன்றைக்கே ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் ஏற்றினார்கள், மெதுவாக, சொட்டுச் சொட்டாக. யாருடைய ரத்தமோ. யாரென்று கேட்க வாயெடுத்தேன், சத்யா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் முதலில் காதின் ஓரம் ரோஜா நிறமானது, பிறகு நடு. யாரோ உள்ளே விளக்கை ஏற்றிக்கொண்டே ஒவ்வொரு அறையாக வருவது மாதிரி. அடுத்தநாள் நர்ஸ் பருப்பு சாதம் குழைத்து ஊட்டச் சொன்னாள். சத்யா கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாங்கி நான்தான் ஊட்டினேன். நீ இல்லை, கோயில் இல்லை, முடி இறக்கவில்லை. குலசாமிக்குக் கோபம் என்றால் என்னோடு பேசிக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு அனுப்பியபோது எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. சத்யா மலை பஸ்ஸில் ஏறினாள், நானும் ஏறினேன். இரும்புச் சொட்டு மருந்தை எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கிறாள், பாலோடு கொடுக்கக்கூடாதாம். பால் இப்போது சின்ன டம்ளரில்தான், அதுவும் சாப்பிட்டு நேரம் கழித்து. முதல் வாரம் பிள்ளை கன்னங்கரேலென்று வெளிக்குப் போனான், உள்ளிருந்து அதுதான் வெளியேறுகிறது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "மருந்துங்க அத்தை, டாக்டர் முன்னாடியே சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, இங்கே வந்ததிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தாள். மண்ணைத் தேடுவது நின்றுவிட்டது. கேழ்வரகுக் களியில் கீரையைப் பிசைந்து கொடுத்தால் கிண்ணத்தைப் பிடுங்குகிறான். கறுத்திருக்கிறான். பிறந்தபோது இருந்த நிறத்துக்கே வந்துவிட்டான். ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை, செல்வி என்று கூப்பிட்டபோது அவன் ஏன் திரும்பினான் என்று. எந்தச் சத்தத்துக்கும் பிள்ளை ஒருதரம் திரும்பும்தான். இருந்தாலும் அந்தப் பெயரை நான் இப்போது வாய்விட்டுச் சொல்வதில்லை.

கீழே வீட்டில் சித்தப்பாவும் மந்திரிக்கிறவரும் உனக்காகக் காத்திருப்பார்கள். அவர்கள் பேச்சில் ஒரு சுகம் இருக்கிறது, அதை நான் அனுபவித்தவள், அதனால் சொல்கிறேன். பேய் என்று ஒன்று இருந்துவிட்டால் நான் பால் ஊற்றினதும் நீ டப்பா அனுப்பினதும் லீவு தள்ளிப்போனதும் எல்லாம் இல்லாமல் போய்விடும். யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, ஒரு பெண்ணை மட்டும் மலையில் விட்டுவிட்டால் போதும். அந்தச் சுகத்தை எடுத்துக்கொள்ளாதே. கையில் டப்பா எதுவும் வேண்டாம். கச்சிராயபாளையத்தில் இறங்காமல் நேராக மலைக்கு வா. சத்யா கீழே வருவாளா மாட்டாளா என்பதை அவள் சொல்லுவாள். அவளை வா என்றோ இரு என்றோ சொல்லுகிற தகுதி இப்போதைக்கு எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

நீ வந்ததும் பிள்ளையைத் தூக்குவாய். அவனுக்கு உன் முகம் தெரியாது, போனில் பார்த்தது வேறு. புது ஆள் தூக்கினால் அழுவான். அழ ஆரம்பித்து மூச்சு நின்றாலும் நிற்கலாம், ரத்தம் நன்றாக ஊறுகிறவரை எப்போதாவது வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறது. உன் கையிலேயே நீலமாகித் துவளுவான். என்னைப்போலக் கத்திக்கொண்டு ஓடாதே. உலுக்காதே, வாயில் எதையும் வைக்காதே. தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார். அதிக நேரம் ஆகாது, ஆனால் உனக்கு ஆயுசு மாதிரி இருக்கும். சித்தப்பா சொன்னதெல்லாம் அப்போது உன் காதில் கேட்கும். நீ பயந்துபோய்ச் சத்யாவைத் திரும்பிப் பார்ப்பாய். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள், உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் மூச்சு திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும். நீ அவள் முகத்தைப் பார்ப்பாயா, முதுகுக்குப் பின்னால் பார்ப்பாயா என்பதுதான் அவளுக்குத் தெரியாது.